பெயர் வெட்டிய தூக்கு

தானமாக வந்த பழைய சாமான்களை மலிவாக விற்கும் கடை ஒன்றில், ஒரு எவர்சில்வர் தூக்கும் பீங்கான் கோப்பையும் ஒரே அலமாரியில் இருந்தன. தூக்கின் வயிற்றில் 'கோ. தெய்வானை' என்று பெயர் வெட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம், அடுத்தவர் பெயர் போட்டது நமக்கெதற்கு என்று வைத்துவிட்டுப் போனார்கள்.

"சுவத்துல உரசி அந்தப் பேரை அழிச்சிடு. உனக்கும் ஒரு வீடு கிடைக்கும்" என்றது கோப்பை.

"அழிச்சிட்டா, தெய்வானையம்மா தேடி வரும்போது என்னை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

சாமான்கள் எப்போது இங்கே வந்து சேர்கின்றன என்று கோப்பைக்குத் தெரியும். அதில் காபி குடித்துவந்த பெரியவர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அதை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

ஒருநாள் தெய்வானையின் மகள் கடைக்கு வந்தாள். தூக்கை எடுத்து, பெயரின் மேல் விரலை ஓட்டினாள்.

"இது நாங்க கொடுத்ததுதான்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பக்கத்திலிருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த விலைக்கு இப்படி ஒண்ணு வெளியில கிடைக்காது" என்று வாங்கிக்கொண்டாள்.

பைக்குள் போகும் கோப்பையிடம் தூக்கு அவசரமாகச் சொன்னது: "இந்தப் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோனதே நான்தான். அவளுக்கு மறந்துபோச்சு. வீட்டுக்குப் போனதும் தெய்வானையம்மாகிட்ட சொல்லு, நான் இங்கேதான் இருக்கேன்னு."

"சொல்றேன்" என்றது கோப்பை.