ஒரு சாண் மரவுரி

"வெளியே போடா! என் அண்ணன் மகனைக் கெடுத்தது போதாதா? பிணத்தையும் பார்க்க வந்துட்டியா?"

ரெஸ்டிட்யூட்டா அத்தையின் குரல் வாழைத்தோட்டத்தைத் தாண்டிக் கேட்டது.

வாசலில் லுபோவா. கம்பாலாவிலிருந்து நான்கு பஸ் மாறி வந்தவன். நீலக் கயிறு கட்டிய ஒரு மூட்டை கையில். அத்தை அதைப் பிடுங்கி அடுக்களைக்குள் எறிந்தாள். அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போய்த் தோட்டத்துக்குள் விட்டுவிட்டு வந்தாள்.

பலாமரத்தடியில் கம்போடு எழுந்த இளவட்டங்கள், இனி நமக்கு வேலையில்லை என்று சிரித்தபடி உட்கார்ந்தார்கள். ஊர்ச் சேர்மன் திருப்தியாகத் தலையாட்டினார்.

உள்ளே, அண்ணன் கொன்சாகாவின் உடலருகில் தங்கை நன்டோங்கோ குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அண்ணனும் லுபோவாவும் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். காய்ச்சலில் கிடந்த அண்ணனுக்குக் கடைசி வரை கஞ்சி ஊட்டியவன் அவன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தாலே ஜெயில் என்கிற காலம். இடுப்பில் பால்குடி மறக்காத பிள்ளை.

ஆனால் அந்தப் பிள்ளையின் துணிமூட்டைக்குள் ஒரு கத்தரிக்கோலை ஒளித்து எடுத்து வந்திருந்தாள்.

நேற்று போனில் லுபோவா அழுதான். "தங்கச்சி, ஒரு சாண் போதும்மா. என்னை உள்ள விடமாட்டாங்க. நீ வெட்டிக் குடுத்துடு."

கம்பாலாவில் அண்ணனின் கூட்டாளிகளிடம் ஒரு பெரிய மரவுரி இருந்தது. மரப்பட்டையைத் தட்டிச் செய்த அந்தத் துணியில் சுற்றித்தான் அங்கே பிணத்தைப் புதைப்பார்கள். அவர்களில் யார் செத்தாலும், மண்ணுக்குப் போகிற மரவுரியிலிருந்து ஒரு சாண் வெட்டி அதோடு சேர்த்துத் தைப்பார்கள். வருஷத்தில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அதை விரித்து, ஒவ்வொருவர் பேராகச் சொல்லிப் பாடுவார்கள், ஆடுவார்கள். கூட்டாளிகளைக் கிட்டே சேர்க்காமல் வீட்டார் புதைத்துவிட்டவர்களுக்குத் துண்டு கிடைக்காது. அவர்களுக்காக அந்த இடத்தில் ஓட்டை விட்டுத் தைத்திருந்தார்கள்.

தைத்தது அண்ணன்தான். "நாங்களும் இந்த ஊர்ல வாழ்ந்தோம்னு சொல்ல வேற என்ன இருக்கு, சொல்லு?" என்பான்.

அந்த அண்ணனே ஓர் ஓட்டையாகிவிடக் கூடாது.

உடலைச் சுற்றியிருந்த மரவுரியின் ஓரத்தைத் தொட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள். மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது.

"என்னடி இது?"

"அத்தை... பிள்ளைக்கு நகம் வெட்ட..."

"ஆடு வெட்டற அளவுக்கு இருக்கு. உன் பிள்ளை என்ன சிறுத்தையா?"

கத்தரிக்கோல் அத்தையின் இடுப்புப் பட்டைக்குள் போயிற்று. நன்டோங்கோவுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது.

சாயங்காலம் தூறலில் குழிக்குப் போனார்கள். அம்மாவைக் குழி ஓரமாகப் பாயில் உட்கார வைத்தார்கள். நன்டோங்கோவின் புருஷன் டமுலிரா தூரத்தில் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். அவன் குடை மட்டும் தெரிந்தது. மாமியார் கண்ணில் மருமகன் படக்கூடாது. அங்கே அதுதான் மரியாதை. சந்தைக்கு அம்மா வருவது தெரிந்தால் ஓடைக்குள் குதித்துவிடுகிற ஆள் அவன்.

வீட்டார் கொண்டுவந்த மரவுரிகளைப் பெரியப்பா ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் குழிக்குள் போட்டார்.

"பெத்தவ போட்டது."

"தங்கச்சி போட்டது."

"மருமகன் டமுலிரா போட்டது. அவ்வளவுதானே?"

"இன்னொண்ணு இருக்கு."

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் மடித்த மரவுரி. அதில் நீலக் கயிறு.

"யார் போட்டது?"

"மருமகன்."

"மருமகன் போட்டாச்சேம்மா."

"மருமகன்னு சொல்லுங்கண்ணே."

சேர்மன் தலையைத் தூக்கினார். "எந்த மருமகன்?"

"குழிக்கு முன்னால நின்னு எங்க வீட்டு உறவு கேக்குறீங்களா? உங்க வீட்டுச் சாவுல நான் வந்து கேக்கட்டுமா?"

சேர்மன் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். அத்தையோடு வாய் கொடுத்து மீண்டவர் அந்த ஊரில் இல்லை.

பெரியப்பா தங்கையின் முகத்தைப் பார்த்தார். மரவுரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மருமகன் போட்டது."

அது விரிந்து விழுந்தது. ஒரு மூலையைக் காணோம். நேராக, சுத்தமாக, ஒரு சாண் அளவுக்கு வெட்டியிருந்தது.

"எலி கடிச்சிருக்கும்" என்றாள் அத்தை, யாரும் கேட்காமலே.

மண் விழத் தொடங்கியது. அத்தை வந்து, நன்டோங்கோவின் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த துணியை இழுத்து இறுக்கினாள். துணி மடிப்புக்குள் எதையோ திணித்தாள். மரப்பட்டை வாசனை. கூடவே கத்தரிக்கோலின் சில்லிப்பு.

நன்டோங்கோவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அத்தை... இவ்வளவும் செஞ்சீங்க. அந்த மனுஷனைத் துரத்தாம இருந்திருக்கலாமே. ஒரு பிடி மண்ணு போடறதையாவது பார்த்திருப்பாரு."

அத்தை குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருடி துரத்தினா? ஒரு சாண் வேணும்னு தோட்டத்துல வச்சு அவன்தான் சொன்னான். உன் புருஷன் குடைக்குள்ள எத்தனை தலை இருக்குன்னு நல்லாப் பாரு. மருமகன் எங்க நிக்கணுமோ அங்கதான் நிறுத்தியிருக்கேன்."