காலிக் கட்டம்

“ஆம்பளைங்க எல்லாரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. உங்களால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல” என்றார் கெண்டல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒவ்வொரு ஜூலையிலும் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் கூடுகிற குடும்பம் அது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த லிங்கனின் அம்மா வழிச் சொந்தம். அவர் பிறந்த கென்டக்கி மாநிலத்தில் அதற்கென்று ஒரு மவுசு உண்டு.

கெண்டல் ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். பதினோரு வருஷமாக லிங்கனுடைய தாயாரின் உறவுகளைத் தேடி அலைவதே அவருக்குப் பிழைப்பு. அம்மாவிடமிருந்து வருகிற ஓர் அடையாளம் எல்லார் உடம்பிலும் இருக்கிறதாம். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவாளாம்.

“எங்க டுவைட்டும் அப்படித்தான் சார். வாங்கிக்குவான், திருப்பித் தர மாட்டான்” என்றது ஒரு குரல். டுவைட் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

மேஜைமேல் நீளத் தாள் விரிந்து கிடந்தது. உச்சியில் லிங்கனுடைய அம்மாவைப் பெற்ற பாட்டி லூசி. அவளுடைய இன்னொரு மகளில் தொடங்கி, அம்மாவுக்குக் கீழே மகள், மகளுக்குக் கீழே மகள் என்று இறங்கி வந்த கோடு, எண்பத்தாறு வயது இமஜீனிடம் வந்தது. அவளுக்குக் கீழே அவளுடைய ஒரே மகள் வெர்லீன்.

வெர்லீனுக்குக் கீழே ஒரு காலிக் கட்டம்.

“இந்த லூசியை ஊரு என்னவெல்லாம் பேசிச்சு தெரியுமா? கல்யாணம் ஆகாமலே பெத்துக்கிட்டாள்னு சொன்னாங்க. நெசமோ பொய்யோ, அந்தக் கைக்குழந்தைதான் லிங்கனோட அம்மா. அவ இல்லேன்னா நமக்கு லிங்கன் ஏது?” என்றார் கெண்டல்.

எல்லாரும் கை தட்டினார்கள். வெர்லீனின் கணவன் ஹோலிஸ்தான் பலமாகத் தட்டினான். “பொம்பளைன்னா அவதான்யா!” என்று கத்தவும் செய்தான்.

வெர்லீனும் தட்டினாள். வேறென்ன செய்வாள்?

பதினேழு வயதில் அவளுக்கு யாரும் கை தட்டவில்லை. வெளியூர் விடுதி ஒன்றில் ஐந்து மாசம் ஒளித்து வைத்தார்கள். பிறந்ததைக் கண்ணில்கூடக் காட்டாமல் தத்துக் கொடுத்துவிட்டார்கள். பெண் என்பதே ஒரு நர்ஸ் வாய் தவறிச் சொல்லித்தான் தெரியும். திரும்பி வரும்போது காரில் அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். நீயும் பார்க்கல, நானும் பார்க்கல, அதோட விடு.

நாற்பத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. ஹோலிஸுக்கும் அவளுக்கும் குழந்தை பிறக்கவில்லை. யார் குறை என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தத் தங்கமான மனசுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

“உங்களுக்குப் பொண்ணு?” என்று பென்சிலைத் தூக்கினார் கெண்டல்.

“இல்ல.”

“அடடா. அப்போ இந்த வழி உங்களோட முடியுது.”

அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியாவது வைக்கச் சொல்லலாமா என்று இருந்தது அவளுக்கு.

வாழைப்பழப் புட்டிங் தின்றுகொண்டிருந்த இமஜீன் தலை நிமிர்ந்தாள். இரண்டு வருஷமாக அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது.

“ஏன் இல்ல? இருக்காளே! தலை நெறைய கருகருன்னு முடி. ஒரு மணி நேரம் நான்தான மடியில வச்சிருந்தேன். என் வெரலப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு.”



அம்மா பார்த்திருக்கிறாள். தூக்கியும் வைத்திருக்கிறாள். பாவி, இத்தனை வருஷம் மூச்சு விடவில்லையே! இன்னும் சொல் என்று அம்மாவின் காலில் விழலாம் போலிருந்தது வெர்லீனுக்கு. அதே நேரம் அந்த வாயைப் பொத்தவும் வேண்டியிருந்தது.

“உன்னைத்தான் சொல்றாங்கக்கா, நீ பொறந்தப்ப” என்றான் தம்பி டுவைட்.

“போடா மடையா. இவ மொட்டை மண்டையா பொறந்தா. அது வேற. தூக்கிட்டுப் போறதுக்குள்ள நானே ஒரு பேரு வச்சேன்.”

“என்ன பேரும்மா?” என்று கெண்டல் குனிந்தார்.

ஹோலிஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். சந்தேகமே இல்லாத முகம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“எழுதாதீங்க சார். அம்மாவுக்கு நெனவு சரியில்ல. என்னத்தையாவது சொல்லுவாங்க” என்றாள் வெர்லீன்.

ஹோலிஸ் மாமியாரின் தோளைத் தடவிக் கொடுத்தான். “சாப்பிடுங்க அத்தை” என்றான். கெண்டல் காலிக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தாளைச் சுருட்டினார்.

போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். பெஞ்சுகள் காலியாயின. ஹோலிஸ் மடக்கு நாற்காலிகளை வண்டியில் ஏற்றப் போனான்.

வெர்லீன் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்தாள்.

“அம்மா, என்ன பேரு வச்ச?”

இமஜீன் ஸ்பூனைக் கீழே வைத்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசும்போது வருகிற மரியாதையான சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

“யாருக்குங்க?” என்று கேட்டாள்.