இடது முழங்கால்

காந்திபுரத்து மண்டபத்தின் கூரைத் தகட்டு இடைவெளி வழியே பிற்பகல் வெயில் நீல மெத்தையில் விழுகிறது. ரித்திகா மல்லாந்து கிடந்தபடி இரண்டு கால்களாலும் சாய்ப்ரியாவைத் தடுக்கிறாள். அந்தக் கால்களைக் கடந்து பக்கவாட்டில் போய் அவளை அமுக்கினால்தான் மாநில ஜியு-ஜிட்சு மற்போர் அணியில் சாய்ப்ரியாவுக்கு இடம். முப்பத்தாறு வயதில் அவளுக்கு இனியொரு வாய்ப்பு வராது. சாய்ப்ரியா வலப்பக்கம் பாய்கிறாள், ஒரு கால் வந்து வளைத்துக்கொள்கிறது. குனிந்து நுழைகிறாள், பாதம் இடுப்பில் ஊன்றித் தள்ளுகிறது. "எடது மொழங்கால அமுக்கு ப்ரியா!" என்று ஓரத்திலிருந்து அவள் கணவன் வம்சி கத்துகிறான். ரித்திகாவுக்குப் போன வருசம் ஆபரேஷன் ஆன கால் அது. கூடப் பயிற்சி செய்பவள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் துணைக்குப் படுத்திருந்தவள் சாய்ப்ரியாதான். துணிக்கடியில் தழும்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். இன்னும் இருபது வினாடி. அங்கேயே உள்ளங்கையை வைத்து முழு எடையையும் இறக்குகிறாள். "அக்கா" என்கிறாள் ரித்திகா, மெதுவாக. கண் நிறைகிறது, கால் மட்டும் திறக்கவில்லை. மணி அடிக்கிறது. நடுவர் ரித்திகாவின் பெயரைச் சொல்கிறார். அவள் நொண்டியபடி எழுந்து, மெத்தையில் மண்டியிட்டே இருக்கும் சாய்ப்ரியாவிடம் கையை நீட்டுகிறாள். "பரவால்லீங்க்கா, எந்திரிங்க." நீட்டிய கை அப்படியே நிற்கிறது.