கிழிசல் திருடன்

ஏட்டு ஆண்டிச்சாமியின் பிழைப்பு ஒரே ஒரு ஊக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய தொப்பைக்கும் காக்கி பேண்ட்டுக்கும் நடுவே சமாதானம் செய்து வைத்திருந்தது அந்த ஊக்குதான். போன தடவை டி.எஸ்.பி. பார்வையிட வந்தபோது, ஏட்டு விறைப்பாக சல்யூட் அடித்ததில் சட்டைப் பொத்தான் தெறித்து ஐயாவின் டீ டம்ளருக்குள் விழுந்துவிட்டது. "அடுத்த தடவையும் இந்தக் கோலத்துல நின்னீங்கன்னா, மலையை மறந்துடுங்க ஏட்டு, கீழ மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே அடிக்கும் வெயிலை நினைத்தாலே ஆண்டிச்சாமிக்கு வேர்த்தது. அந்த அடுத்த தடவை, மாசக் கடைசித் திங்கட்கிழமை.

வட்டக்கானலைத் தாண்டிக் கீழே இறங்கினால் வரும் சின்ன ஊர் கரடிப்பாறை. அங்கேயும் ஒரு தையல் கடை இருக்கத்தான் செய்தது. கடைக்காரர் மெஷினை விற்று, உள்ளே இரண்டு கட்டிலைப் போட்டு, டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். கொடைக்கானலுக்குப் போனாலோ, "புதுசு தைக்கணும்னா குடுங்க சார். ஆல்ட்ரேஷன்னா அடுத்த வாரம் பார்ப்போம்" என்பார்கள். ஏட்டின் இன்னொரு ஜோடி யூனிஃபார்ம் அப்படி ஒரு கடையில்தான் தூசி படிந்து கிடந்தது.

இந்த லட்சணத்தில்தான் ஊருக்குள் துணித் திருட்டு ஆரம்பித்தது.

மலையில் துவைத்த துணி லேசில் காயாது. ராத்திரியும் கொடியிலேயேதான் கிடக்கும். முதலில் காணாமல் போனது கந்தம்மாளின் ஜாக்கெட். அக்குளில் பிரிந்த பழைய ஜாக்கெட்தான். ஆனாலும் அவள் வந்து போட்ட சத்தத்தில் புறக்காவல் நிலையமே அதிர்ந்தது.

"சும்மா கத்தாதம்மா. திருட்டுச் சாமான் எதுவும் மலையிறங்காது. செக்போஸ்ட்ல நம்ம நாச்சிமுத்து, டிபன் கேரியரைக்கூடத் தொறந்து பாத்துட்டுத்தான் விடுவான்" என்று தேற்றி அனுப்பினார் ஆண்டிச்சாமி.

ஒருநாள் விட்டு மறுநாள் ஜாக்கெட் கொடிக்கே திரும்பி வந்தது. பிரிந்த இடம் தெரியாமல் தைத்து, துருப்பிடித்த கொக்கிகளை எல்லாம் மாற்றி!

அடுத்து ஒச்சனின் ஸ்வெட்டர் போனது. முழங்கையில் ஒட்டுப் போட்டு வந்தது. ஜக்கம்மாள் வீட்டுப் பள்ளிக்கூடப் பை போனது. ஜிப் மாற்றி வந்தது. பக்கத்திலேயே தொங்கிய நல்ல துணியை அந்தத் திருடன் தொடவே இல்லை. யாரோ மனசு கேட்காத டெய்லர்தான் இப்படிப் புண்ணியம் தேடுகிறான் என்று ஆண்டிச்சாமி துப்புத் துலக்கினார். எப்படியும் பிடித்தே தீருவது என்று கிளம்பியபோது கந்தம்மாள் வந்து வழியை மறித்தாள்.

"ஏட்டையா, உங்களுக்கு வேற சோலி இல்லையா? அவரைப் புடிச்சு உள்ள போட்டுட்டா எங்களுக்கு யாரு கொக்கி வச்சுத் தருவா? கொடைக்கானல் டெய்லரா?"

"திருட்டு திருட்டுதான்மா."

"திருடுறவன் திருப்பிக் குடுப்பானாங்க?"

ஆண்டிச்சாமி லத்தியைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார்.

பெண்கள் கொடிக்குக் கீழே பணியாரம் வைக்க ஆரம்பித்தார்கள். தட்டு கழுவித் திரும்பி வந்தது. அதிலிருந்து அந்தக் கண்காணாத டெய்லர் மேல் ஊருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

கந்தம்மாளின் மகள் லாவண்யாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. முகூர்த்தப் பட்டு முதல் சொந்தக்காரர்களுக்கு எடுத்த பட்டு வரை எல்லாவற்றுக்கும் ஃபால்ஸ் தைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தனையையும் கொண்டுவந்து கந்தம்மாள் கொடியில் போட்டாள். அவளைப் பார்த்து ஊரே பீரோவைத் திறந்தது. கரடிப்பாறையே ஜவுளிக்கடை மாதிரி மின்னியது.

இன்றைக்கு ஒளிந்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அது ஆண்டிச்சாமிக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை டி.எஸ்.பி. வருகிறார் என்று ஊக்கு வயிற்றில் சுருக்கென்று குத்தி ஞாபகப்படுத்தியது. யூனிஃபார்மைக் கழற்றினார். எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று இடுப்பில் சாக்பீஸால் கோடு போட்டார். வார் பிய்ந்த தொப்பியையும் சேர்த்துக் கொடியில் மாட்டிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கொடிகள் காலி. ஊருக்கே பரம திருப்தி.

"இம்புட்டையும் ஒத்தை ஆளா எப்பத்தான் தச்சு முடிப்பாரோ, பாவம்!" என்று கந்தம்மாள் உருகினாள்.

ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் வரவில்லை. பட்டாயிற்றே, அவசரப்படுத்தக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்தபோதும் கொடியில் கிளிப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. கந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மேல் வளைவில் டி.எஸ்.பி.யின் ஜீப் ஹாரன் கேட்டது. லுங்கியும் குரங்குக் குல்லாவுமாக நின்ற ஆண்டிச்சாமி, செக்போஸ்ட்டுக்குப் போன் போட்டார்.

"ஏலே நாச்சிமுத்து, இந்த ரெண்டு நாள்ல துணிமூட்டையோட எவனாவது எறங்கினானா?"

"ஒருத்தனும் இல்லைங்க ஏட்டையா. எல்லாப் பையையும் அவுத்துப் பாத்துட்டேன்" என்றவன், கொஞ்சம் யோசித்தான். "நேத்து வெள்ளனே ஒரு போலீஸ்காரர் மட்டும் வேன்ல பெரிய மூட்டைங்களோட போனாருங்க. திருட்டுத் துணி, கோர்ட்டுக்குக் கொண்டு போறேன்னாரு. போலீஸ் மூட்டையை நான் அவுத்துப் பாக்க முடியுங்களா? சல்யூட் அடிச்சு அனுப்பி வச்சேன்."

ஆண்டிச்சாமி குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஆளு... ஆளு எப்படிலே இருந்தான்?"

"நல்ல ஒல்லி ஆளுங்க. ஆனா யூனிஃபார்ம் மட்டும், அவருக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி அம்புட்டுக் கச்சிதமா இருந்துச்சுங்க!"