ரவுண்டானாவிலிருந்து மூன்றாவது வீடு

"சத்தியமா நான் இல்ல பெரியவரே! என் வீட்டுப் பனியை அள்ளுறதுக்குள்ளயே இடுப்பு ஒடிஞ்சு போகுது. இதுல உங்க வாசலை வேற நான் அள்ளுவேனாக்கும்!"

பக்கத்து வீட்டுக் கெயில் சிரித்தாள். வெர்னன் தலையைச் சொறிந்தார்.

டிசம்பரிலிருந்து இதே கூத்துதான். பனி கொட்டிய ஒவ்வொரு நாளும், அவர் எழுந்து கதவைத் திறப்பதற்குள் யாரோ வந்து கார் நிற்கும் பாதையைச் சுத்தமாக அள்ளி, வழுக்காமலிருக்க உப்பும் தூவிவிட்டுப் போயிருப்பார்கள். யார் என்றுதான் தெரியவில்லை.

இந்த ஹார்லன் டவுன்ஷிப்பில் யாருக்கு யாரைத் தெரியும்? மூன்று வருடத்துக்கு முன்பு வெறும் சோளக்காடு. இன்று நாலாயிரம் வீடு. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் பாதிப் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் படிக்கிறார்கள். எல்லா வீடும் இட்லித் தட்டில் ஊற்றியதுபோல ஒரே அச்சு, ஒரே மணல் நிறம், ஒரே வெள்ளைக் கதவு. எண் பலகையைப் பனி அப்பி மூடிவிடும். போன் வரைபடத்தில் பாதித் தெரு இன்னும் ஏறவே இல்லை. ரவுண்டானாவிலிருந்து இத்தனையாவது வீடு என்றுதான் எல்லோரும் வழி சொல்வார்கள்.

"ஒருவேளை உங்க பையனா இருக்குமோ?" என்றாள் கெயில்.

மூன்று மாதமாக வெர்னன் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் அதேதான்.

டெரிக்கோடு பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது. மனைவியின் அடக்கத்தன்று ஊரே பார்க்க, "ஆஸ்பத்திரிக்கு வர நேரமில்ல, பெட்டி தூக்க மட்டும் வந்துட்டியா?" என்று மகனைக் கேட்டுவிட்டார். அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் இங்கே குடிவந்தார். ரவுண்டானாவிலிருந்து இடது பக்கம் மூன்றாவது வீடு என்று வழி சொன்னது தங்கையிடம் மட்டும். அவள் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்துதான் சொன்னார்.

"போன் போட்டுக் கேட்டுட வேண்டியதுதானே?"

"அவன்தான்னா கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டுடுவேம்மா. அவன் இல்லேன்னா? நானா வலியப் போய் அசிங்கப்படணுமா?"

"அப்பனும் மகனும் நல்லா வாய்ச்சீங்க!" என்று கெயில் உள்ளே போனாள்.

அடுத்த பனிக்கு வெர்னன் விடியுமுன்பே எழுந்துவிட்டார். கோட்டை மாட்டிக்கொண்டு, காபியை இரண்டு கோப்பையில் ஊற்றிவைத்துக் காத்திருந்தார். வெளியே மண்வெட்டி உரசும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"டெரிக்!"

திரும்பியது ஒரு பெண்.

"அம்மாடி, பயந்தே போயிட்டேன்! நீங்க யாரு?"

"என் வாசல்ல நின்னுக்கிட்டு என்னையே யாருன்னு கேக்குறியா?"

"இது டோலரஸ் அம்மா வீடு இல்லையா? நான் டெனிஸ். எங்க சர்ச்சுல வயசானவங்க வீட்டுப் பனியை ஆளுக்கு ஒரு வீடாப் பிரிச்சுக்கிட்டோம். ரவுண்டானாவுல இருந்து இடது பக்கம் மூணாவது வீடுன்னு சொன்னாங்களே?"

"எந்த ரவுண்டானா? இங்க ரெண்டு இருக்கு."

"ரெண்டா? புது ரோட்டுல வந்தா இதுதானே முதல்ல வருது!"

"பழைய ரோட்டுல வந்தா இன்னொண்ணுதான் முதல்ல வரும்."

டெனிஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே, அப்போ இத்தனை நாளா அந்த அம்மா பனிக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடந்தாங்களா?"

வெர்னன் இரண்டாவது கோப்பையை அவளிடம் நீட்டினார். 'அவனாவது, வர்றதாவது! கிழவனுக்கு ஆசையைப் பாரு' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். அழுகை முட்டியது. ஆனாலும் ஒரு வயதானவளுக்குச் சேரவேண்டிய உதவியை மூன்று மாதமாக வாங்கிக்கொண்டதை நினைக்கக் கூச்சமாக இருந்தது. தன் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு டெனிஸின் காரில் ஏறினார்.

அங்கேயும் அதே மணல் நிறம், அதே வெள்ளைக் கதவு. ஆனால் வாசலில் ஒரு பிடி பனி இல்லை. உப்புகூடத் தூவியிருந்தது.

"என்ன குழப்பம் இது?" என்றாள் டெனிஸ்.

டோலரஸ் நடக்க உதவும் வாக்கரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தாள். டெனிஸ் சர்ச்சிலிருந்து வருவதாகச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "வாம்மா! நீங்க அனுப்பின ஆள் தங்கமான பிள்ளை. ஒரு பனிக்குக்கூடத் தவறல."

"நாங்க யாரையும் அனுப்பலையே!"

"அனுப்பலையா? நெட்டையா, சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு வருவானே! நான் ஜன்னல் திரையை விலக்கிக் கையாட்டுவேன். இருட்டுல அவனுக்குத் தெரியாது போல. வேலை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிப்பான். நான் இதைத் தள்ளிக்கிட்டு வர்றதுக்குள்ள வண்டி கிளம்பிடும். இன்னைக்கு என்னமோ கதவுல ஒரு சீட்டைச் செருகிட்டுப் போயிருக்கான். எனக்கு ஒண்ணும் புரியல, நீங்களே பாருங்க."

டெனிஸ் வாங்கி உரக்கப் படித்தாள்.

"அப்பா, ஒன்பது தடவை வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் திரையை விலக்கிப் பார்த்துட்டு, கதவைத் திறக்காமலே இருந்துட்டீங்க. உங்க கோபம் புரியுது, இனிமே வந்து தொந்தரவு பண்ண மாட்டேன். டெரிக்."

வெர்னன் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, போனில் மகனின் எண்ணைத் தேடினார்.