யாகொரூடாவில் நிற்கும் ரயில்

"உன் பொண்ணால தினமும் ரயில் லேட்டாம் வெஸ்கா! எங்க பையன் காமென் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்."

ரொட்டிக் கடை வாசலில் தோன்கா இப்படிச் சொன்னதும் வெஸ்காவுக்குச் சுர்ரென்றது. நேராகப் பாலர் பள்ளிக்கு நடந்தாள்.

ஐந்து வயது மகள் ராலிக்குத் திக்குவாய். வெளி ஆட்களைக் கண்டால் வாயே திறக்காது. அதை வைத்தா விளையாட்டு?

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காமென் டிரைவர். ராலி தலையில் ஸ்டேஷன் மாஸ்டரின் சிவப்புத் தொப்பி.

"அடுத்து எந்த ஸ்டேஷன், மாஸ்டர்?" என்றாள் கின்கா டீச்சர்.

"யா... யா..."

அவ்வளவுதான். டீச்சர் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் போய்விட்டாள். பிள்ளைகளும் எழுந்து அவள் பின்னாலேயே ஓடினார்கள். ராலி மட்டும் தனியாக நின்றாள்.

"யா... யா... யாகொரூடா! இ... இறங்குறவங்க இறங்கலாம்!"

"கிளம்பலாம்!" என்று டீச்சர் திரும்பினாள். ரயில் கூவியது.

மணி அடித்ததும் வெஸ்கா டீச்சரைப் பிடித்துக்கொண்டாள். "திக்குற பிள்ளைன்னு தெரிஞ்சும் அவளையே பேசச் சொல்லி, நீங்களே முகத்தைத் திருப்பிக்கிறீங்களே, நல்லா இருக்கா டீச்சர்? நாளையிலேர்ந்து அனுப்ப மாட்டேன்!"

"அனுப்பாட்டி போங்க. ஆனா முதல்ல ஸ்டேஷன் மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

வெஸ்கா ராலியின் அலமாரியைத் திறந்து, வகுப்புச் செருப்பைப் பைக்குள் திணித்தாள்.

"ஏம்மா எடுக்குற? நா... நாளைக்கும் நான்தான் மாஸ்டர்!"

"நீ பேசுறப்ப ஒருத்தரும் உன்னைப் பாக்கறதுகூட இல்லையேடி!"

"எப்படிம்மா பாப்பாங்க? யாகொரூடால ஒ... ஒத்தைத் தண்டவாளம். எதிர் ரயில் போனாத்தான் நம்ம ரயில் போகலாம். அது வருதான்னு எல்லாரும் ஜன்னல்ல பாக்கணும். டீச்சர் போட்ட ரூலு."

வெஸ்காவின் கை பைக்குள்ளேயே நின்றது.

யாரும் பார்க்காத அந்த நேரத்தில்தான் பிள்ளை வாய் திறக்கிறது.

செருப்பை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். ராலியின் தொப்பியைச் சரிசெய்தபடி கேட்டாள்:

"ஏண்டி மாஸ்டர், நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிர் ரயில் வந்துட்டா?"

"வராதும்மா. நா... நான் முடிச்சப்புறம்தான் வரும். ஒரு நாள்கூடத் தப்பினதில்ல!"