பன்னிரண்டாவது முட்டை

ஜெர்மனியின் பான் நகரத்து ஆய்வுக்கூடத்தின் மேசைமீது குளிர்கால வெயில் மங்கலாக விழுகிறது. ஆர்க்டிக் தீவொன்றிலிருந்து வந்த கடற்பறவையின் பொரியாத முட்டை, ஓடு பிளந்து, மீனெண்ணெய் வாடையோடு கிடக்கிறது. தாய்ப்பறவை தின்ற மீனின் வழியே, எப்போதோ தடைசெய்யப்பட்டும் இன்னும் அழியாத ரசாயனம் ஒன்று அதன் மஞ்சள் கருவில் சேர்ந்திருக்கிறது. அதைத்தான் ஈழத்துக்காரி தேனுஜா எட்டு ஆண்டுகளாக அளக்கிறாள். போன ஆண்டுவரை அளவு ஒருமுறையும் இறங்கியதில்லை. இந்த ஆண்டு வந்த பன்னிரண்டு முட்டைகளில் பதினொன்றில் இறங்கியிருக்கிறது. இது கடைசி முட்டை. கருவி தாழ்ந்த குரலில் முனகுகிறது; கையுறைக்குள் அவள் விரல்கள் வியர்க்கின்றன. "இதுலயும் கொறஞ்சிருக்கும், பாருங்க" என்கிறாள் பக்கத்தில் நிற்கும் கோயம்புத்தூர்க்காரி வசுந்தரா. "பொறுங்கோ அக்கா, வரட்டும்" என்கிறாள் தேனுஜா. திரையில் கோடு மெல்ல எழுகிறது, போன ஆண்டின் உயரத்தைத் தொடாமலே வளைந்து சரிகிறது. தேனுஜா எண்ணை இரண்டுதரம் வாசிக்கிறாள். "இன்னும் கிடக்குத்தான். ஆனா குறைஞ்சிட்டுது, அக்கா." "அப்ப சந்தோஷப்படலாமா?" "ஓம்" என்கிறாள் தேனுஜா. கையுறையைக் கழற்றவும் மறந்து வசுந்தராவின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள்.